ஒரு பழைய டீசல் காரும் அதன் புகையும்

பழைய கார் வைத்திருப்பவனைக் காண்போர் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இது இன்னமும் ஓடுகிறதா?" பத்து ஆண்டுகளாக என்னிடமும் அதையே கேட்டார்கள். ஓடியது. அதில் எனக்கு ஒருபோதும் ஐயம் இருந்ததில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறொன்று. அதை எங்கள் தெருவில் ஒருவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கார் எவ்வாறு பிறந்தது, என்னிடம் எவ்வாறு வந்தது, ஏன் போயிற்று என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அது 1983 ஆம் ஆண்டின் மெர்சிடிஸ் பென்ஸ் 300 சி.டி. இரண்டு கதவுகளும் தாழ்ந்த கூரையும் கொண்ட, கூப்பே என்று அழைக்கப்படும் வகையைச் சேர்ந்தது. உள்ளே ஐந்து சிலிண்டர் டீசல் இயந்திரம். இந்தச் சேர்க்கை எத்துணை விசித்திரமானது என்பதை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ருடோல்ப் டீசல் என்ற ஜேர்மானியப் பொறியியலாளர் தமது இயந்திரத்துக்கான காப்புரிமையை 1893 இல் பெற்றார். 1897 இல் ஒக்ஸ்பேர்க் நகரில் அது செம்மையாக இயங்கிக் காட்டியது. பெற்றோல் இயந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி வேண்டும். டீசல் இயந்திரத்துக்கு அது வேண்டியதில்லை. காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கினால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். அத்தகைய நெருக்குதலைத் தாங்குவதற்கு எல்லா உறுப்புகளும் பருமனாக இருக்கவேண்டும். பாரமும் சத்தமும் நீண்ட ஆயுளும் எரிபொருட் சிக்கனமும் ஒரே காரணத்திலிருந்து பிறந்தவை.

ஆகவே டீசல் முதலில் தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் பாரவண்டிக்கும் உரியதாயிற்று. 1936 இல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் மெர்சிடிஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் காட்சிக்கு வந்தபோது அதை விரும்பி வாங்கியோர் வாடகைக் கார் ஓட்டுநர்களே. அதன் பின் நாற்பது ஆண்டுகளாக ஐரோப்பாவில் டீசல் கார் என்றால் வாடகைக் கார், அல்லது கமக்காரனின் கார். கூப்பேயோ வசதி படைத்தவர் தமது மகிழ்ச்சிக்காக வாங்குவது. 1977 இல் மெர்சிடிஸ் தனது 123 வரிசையின் கூப்பேயை ஜெனீவாவில் வெளியிட்டபோது ஐரோப்பியருக்கு அதைப் பெற்றோல் இயந்திரத்துடன் மாத்திரமே விற்றது. வாடகைக் காரின் இயந்திரத்தைக் கனவானின் மேலங்கிக்குள் பொருத்தியது அமெரிக்கச் சந்தைக்காக.

அதற்குக் காரணம் அரசியல். 1973 ஒக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. 1974 இல் அமெரிக்கா முழுவதும் நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைல் எனக் கட்டுப்படுத்தப்பட்டது. 1975 இல் நிறைவேறிய எரிசக்திச் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்கள் அனைத்தினதும் சராசரி எரிபொருட் பயன்பாட்டை அளந்து எல்லை வகுத்தது. 1978 ஆம் ஆண்டுக் கார்களுக்கு கலன் ஒன்றுக்கு 18 மைல். 1985 இல் 27.5 மைல். சிறு கார்களையும் விற்ற நிறுவனங்கள் பெரிய கார்களின் பசியைச் சிறிய கார்களால் ஈடுசெய்துகொண்டன. அமெரிக்காவில் பெரிய கார்களையே விற்ற மெர்சிடிஸிடம் சிறிய கார் இருக்கவில்லை. அதனிடம் இருந்தது டீசல். எட்டு சிலிண்டர் பெற்றோல் கார் ஒன்றை விற்பதற்குத் துணையாக டீசல் கார்களை விற்கவேண்டிய நிலை. 1974 இல் பாவனைக்கு வந்த ஐந்து சிலிண்டர் இயந்திரம் இதற்குக் கைகொடுத்தது. இவ்வாறு பிறந்ததுதான் 300 சி.டி. டர்போ இல்லாமலும் டர்போவுடனுமாக 1985 வரை ஏறத்தாழப் பதினையாயிரம் மாத்திரமே செய்யப்பட்டன.

முதல் வகையின் வலு எண்பது குதிரைவலுவுக்கும் குறைவு. நின்ற இடத்திலிருந்து அறுபது மைல் வேகத்தை எட்ட இருபது விநாடி அளவில் செல்லும். 55 மைல் சட்டம் நடைமுறையில் இருந்த நாட்டில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. 1981 இன் பிற்பகுதியில் வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போவைப் பொருத்தி வலுவை 120 குதிரைவலு அளவுக்கு உயர்த்தினார்கள். என்னிடம் இருந்தது அந்த வகை.

2003 இல் ரொறன்ரோவுக்கு மேற்கே ஒரு சிறு ஊரில் முதியவர் ஒருவரிடம் அதை வாங்கினேன். கார் அதற்கு முன் நாற்பத்தெட்டு நாள் அவருடைய வீட்டு முற்றத்தில் விற்பனைக்கு நின்றதாம். நாட்கணக்கை அவர் எழுதி வைத்திருந்தார். இயந்திர எண்ணெய் மாற்றிய திகதிகளையும் எழுதி வைத்திருந்தார். அந்தச் சிறு குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தே விலையை ஒப்புக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது என் மனைவி சொன்னது: "உந்தக் கார் வந்தால் நாலு தெருவுக்குக் கேக்கும். பேப்பர்க்காரருக்கு ஏற்ற கார்தான்."

அதன் இன்பங்களை முதலில் சொல்கிறேன். கூப்பேயின் நான்கு கண்ணாடிகளையும் முற்றாக இறக்கிவிட்டால் நடுவில் தூண் எதுவும் இராது. ஜூன் மாத மாலையில் ஒன்ராறியோ ஏரிக் கரையோரமாக அவ்வாறு போவது, வீட்டு விறாந்தையில் அமர்ந்து ஊரைப் பார்ப்பது போன்றது. கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டகம் மூடும் ஓசை. ஆசனங்களின் உள்ளே குதிரைமயிரும் இறப்பர் ஊட்டிய தென்னந்தும்பும். மழை நாளில் மெல்லிய தும்பு வாசனை எழும். அதை முகர்ந்தவுடன் ஊரின் கயிற்றுத் தொழிற்சாலை நினைவுக்கு வரும் என்று நான் சொன்னதை வாகனத்தில் ஏறிய நண்பர்கள் நம்பவில்லை.

காலையில் அதை இயக்குவது ஒரு சடங்கு. திறப்பைப் பாதி திருப்பினால் மஞ்சள் விளக்கு எரியும். சிலிண்டர்களுக்கு உள்ளே உள்ள சூடேற்றிகள் பழுக்கும்வரை காத்திருக்கவேண்டும். விளக்கு அணைந்ததும் முழுவதும் திருப்ப வேண்டும். அவசரக்காரனுக்கு அந்தக் கார் உதவாது. செய்தித்தாளில் நாற்பது ஆண்டுகள் அவசரப்பட்ட எனக்கு அந்தச் சில விநாடிகள் பிடித்திருந்தன.

பராமரிப்பதும் இன்பமே. வால்வுகளின் இடைவெளியை இருபத்து நாலாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை கையால் சரிசெய்யவேண்டும். காற்று உட்புகும் வால்வுக்கு ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. அதை எனக்குக் கற்பித்தவர் லெபனானிலிருந்து வந்த ஒரு மெக்கானிக். பெய்ரூட்டில் இதே வரிசைக் கார்களைப் போர்க்காலம் முழுவதும் பழுதுபார்த்தவர். "இந்த இயந்திரத்தை மனிதர்கள் கெடுப்பார்கள், அது தானாகக் கெடாது" என்பார். மிகைப்படுத்தல் என்று சொல்வதற்கில்லை. கிரேக்க நாட்டின் வாடகைக் கார் ஓட்டுநரான கிரிகோரியோஸ் சாக்கினிடிஸ், 123 இற்கு முந்தைய வரிசையைச் சேர்ந்த 240 டி காரில் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓடி, 2004 இல் அதை மெர்சிடிஸ் நூதனசாலைக்கு வழங்கினார். மொரோக்கோவில் நகருக்கு நகர் ஓடிய பெரிய வாடகைக் கார்கள் பல தசாப்தங்களாக இந்த டீசல் மெர்சிடிஸ்களாகவே இருந்தன.

இனித் துன்பங்கள். அந்தக் காரில் கதவுப் பூட்டு முதல் கியர் மாற்றம் வரை பலவும் காற்று உறிஞ்சும் மெல்லிய குழாய்களால் இயங்குகின்றன. இயந்திரத்தை நிறுத்துவதும் அப்படியே. டீசல் இயந்திரத்தில் மின்பொறி இல்லையாதலால் மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது நிற்காது. எரிபொருளைத் தடுக்கவேண்டும். எங்கோ ஒரு கதவுப் பூட்டின் இறப்பர் கிழிந்தால் உறிஞ்சல் குறைந்து, திறப்பைக் கையில் எடுத்த பின்பும் கார் இயங்கிக்கொண்டே நிற்கும். ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் எனக்கு அது நிகழ்ந்தது. வேட்டி சால்வையுடன் பொனற்றைத் திறந்து, உள்ளே 'நிறுத்து' என்று ஆங்கிலத்தில் பொறித்த நெம்பை அழுத்தி நிறுத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் நெடுநேரம் சிரித்தார்கள்.

குளிர்காலம் இன்னொரு சோதனை. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். கனடாவில் குளிர்காலத்துக்கென வேறு டீசல் விற்கிறார்கள். அதனுடன் இரவு முழுவதும் இயந்திரத்துக்கு மின்சூடு கொடுத்து வைக்கவேண்டும். தெருவில் தூவும் உப்போ இதைவிடக் கொடியது. முன் சக்கரங்களின் மேலுள்ள தகடு, யாக்கி பொருத்தும் இடம், பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு என்று ஒவ்வொன்றாகத் துரு தின்றது. இயந்திரம் இன்னும் பத்து இலட்சம் கிலோமீற்றர் ஓடத் தயாராக இருக்கும். அதைத் தாங்கும் உடல் இராது.

அமெரிக்கர்கள் டீசலில் சலிப்படைந்ததும் இந்தக் காலத்தின் வரலாறே. ஈரானியப் புரட்சியை அடுத்து 1979 இல் பெற்றோல் வரிசைகள் மீண்டும் நீண்டன. 1981 இல் அங்கு விற்ற புதிய கார்களில் சுமார் ஆறு வீதம் டீசல். ஆனால் ஜெனரல் மோட்டார்ஸின் ஒல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978 முதல் விற்ற எட்டு சிலிண்டர் டீசல் இயந்திரத்தின் தலைப்பகுதியைப் பிணைத்த ஆணிகள் டீசலின் நெருக்குதலைத் தாங்கவில்லை. நீர் பிரிக்கும் வடிகட்டியும் அதில் இருக்கவில்லை. ஏமாந்தவர்கள் நீதிமன்றம் சென்றார்கள். டீசல் என்ற சொல்லே கெட்டுப்போயிற்று. 1986 இல் எண்ணெய் விலை சரிந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் அங்கு டீசல் கார் விற்பனை ஒரு வீதத்துக்கும் கீழே சென்றுவிட்டது.

புகையைப் பற்றிய கவலை அன்றே இருந்தது. கலிபோர்னியாவின் கடுமையான விதிக்கு அமைவாக 1985 இல் அங்கு விற்ற டர்போ டீசல் மெர்சிடிஸ்களில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் பீங்கான் வடிகட்டி ஒன்றைப் பொருத்தினார்கள். அது டர்போவுக்கு முன்னால் இருந்தது. பீங்கான் நொறுங்கிப் பொடி டர்போவுக்குள் சென்று அதைச் சிதைத்தது. பின்னர் அவற்றைத் திரும்ப அழைத்து வடிகட்டியைக் கழற்றிவிட்டார்கள். பழைய டீசல் கார் விரும்பிகள் இதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். வடிகட்டி தோற்றது உண்மை. அது பிடிக்க முயன்ற கரி பொய்யாகிவிடவில்லை என்பதை அக்கதை சொல்லும்போது நான் எண்ணிப்பார்க்கவில்லை.

புகை எனக்குப் புதியதன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் வருவது தடுக்கப்பட்டது. ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலுக்கென்று செய்த இயந்திரம் மண்ணெண்ணெயை முழுமையாக எரிக்காது. வெண்புகை தெருவை மூடும். கண் எரியும். நோயாளியை ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றதும் அந்தப் புகைதான். ரூல் போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சிட்ட காலம் அது. இருமியபடியே நாங்கள் அந்தக் கார்களை வாழ்த்தினோம். பொருளைக் கெடவிடாமல் வைத்திருப்பது அறம், எறிவது பாவம் என்ற பாடத்தை அங்குதான் கற்றேன். இரண்டு தசாப்தப் பழைய காரை ரொறன்ரோவில் வாங்கியபோது அந்த அறத்தையே தொடர்வதாக எண்ணினேன்.

2011 மாசி மாதத்தில் ஒரு காலை. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்ப் பெண் குளிரங்கியுடன் வெளியே வந்து நின்றார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. பிள்ளைக்கு இழுப்பு வருத்தம். உங்கட கார் ஸ்டார்ட் பண்ணேக்கை புகை எல்லாம் எங்கட வீட்டு யன்னலுக்குள்ளைதான் வருது. நீங்கள் வருத்தக்காரர் ஆரையும் ஏத்திக்கொண்டு போறதெண்டால் நான் கேக்கமாட்டன்."

கடைசி வசனத்தை அவர் எதை நினைத்துச் சொன்னாரோ தெரியாது, கேலியாகச் சொல்லவில்லை. அவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரே. நான் நூலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தம் எங்கள் தெருமுனையில் இருந்தது.

மறுநாள் முதல் காரைத் தெருவின் மறுமுனையில் நிறுத்தினேன். அங்கும் வீடுகள் இருந்தன. ஒன்ராறியோவின் புகைச் சோதனையோ 1987 ஆம் ஆண்டு வரையான கார்களைக் கேட்கவில்லை. அவை தாமாகவே மறைந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். என் கார் மறையாதது. எந்தச் சோதனைக்கும் போகாமலே சட்டப்படி நல்ல கார். 2006 முதல் வடஅமெரிக்காவில் டீசலின் கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 500 பங்கிலிருந்து 15 பங்காகக் குறைத்திருந்தார்கள். அதையும் என் சார்பில் சாட்சியாக அழைத்துக்கொண்டேன். பாவித்த தாவர எண்ணெயில் ஓட்டலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். 1900 இல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இயந்திரம் ஒன்று நிலக்கடலை எண்ணெயில் ஓடியது உண்மைதான். அதற்காக எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கும் தனித் தாங்கிக்கு விலையும் விசாரித்தேன். ஒரு காரை வைத்திருப்பதற்கு மனிதன் எத்தனை காரணம் தேடுவான் என்பதற்கு நானே உதாரணம்.

2012 ஜூன் 12 ஆம் திகதி உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பிரான்ஸின் லியோன் நகரிலிருந்து ஓர் அறிவித்தலை வெளியிட்டது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குவது என்று உறுதியாக வகைப்படுத்தியது. அதற்கு முன் 1988 இல், உண்டாக்கக்கூடியது என்றே சொல்லியிருந்தது. அந்தச் செய்தியைத் தமிழாக்கி வார இதழ் ஒன்றுக்கு அனுப்பியவன் நான். இருநூறு சொற்கள். தலைப்பையும் நானே இட்டேன். அனுப்பிவிட்டு வெளியே வந்து திறப்பைப் பாதி திருப்பினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. அது அணைந்த பின்னும் சற்றுநேரம் இயக்காமல் இருந்தேன். பிறகு இயக்கினேன். வேறு எப்படி வீட்டுக்குப் போவது?

இன்னும் ஓராண்டு அதை வைத்திருந்தேன். 2013 கோடையில் வடக்கே ஓர் ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவருக்கு விற்றேன். கழிவிரும்புக்குக் கொடுப்பதா விற்பதா என்று வீட்டில் பேசினோம். நன்றாக ஓடும் இயந்திரத்தை நசுக்க விட என் மனம் இடந்தரவில்லை. முதியவரின் குறிப்புப் புத்தகத்தையும் என் பங்குக்கு எழுதிய பக்கங்களையும் சேர்த்துக் கொடுத்தேன்.

விற்றதனால் புகை அடங்கவில்லை, தெரு மாறியது. உலகெங்கும் இதுவே நடக்கிறது. 2015 செப்டெம்பர் 18 ஆம் திகதி அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வொக்ஸ்வாகனின் டீசல் மோசடியை அம்பலப்படுத்தியது. சோதனையின்போது மாத்திரம் சுத்தமாக இயங்கும்படி மென்பொருள் பொருத்திய கார்கள் உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம். அதன் பின் மேற்கு ஐரோப்பிய நகரங்கள் சில பழைய டீசலுக்குக் கதவைச் சாத்தின. கிழக்கு ஐரோப்பாவும் ஆபிரிக்காவும் அத்தகைய கார்களுக்குச் சந்தையாகத் திறந்தே இருந்தன. அவர்களும் நாங்கள் மண்ணெண்ணெய்க் கார்களை வாழ்த்தியதுபோல் அவற்றை வாழ்த்தக்கூடும். வேறு வழியற்றவனின் புகையையும் வழி இருந்தவனின் புகையையும் சுவாசப்பை வேறுபடுத்தி அறியாது. அதை வேறுபடுத்தி அறியவேண்டியது புகைவிடுபவனின் கடமை. யாழ்ப்பாணத்தில் கற்ற பாடத்தை நான் பாதிதான் கற்றிருந்தேன்.

அந்தக் காரைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாற்பது ஆண்டு நிற்கும்படி ஒரு பொருளைச் செய்யலாம் என்று காட்டியவர்கள் அவர்கள். ஐந்து ஆண்டில் எறிந்துவிடும் பொருள்களைச் செய்யும் இந்தக் காலத்துக்கு அவர்களிடம் கற்க நிறைய உண்டு. ஆயினும் நீண்டு வாழ்வது தன்னளவிலேயே நன்மை என்று நான் நம்பியது பிழை.

2015 இல் அந்த இளைஞர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். திறப்பை எடுத்த பின்னும் கார் நிற்கவில்லையாம். பொனற்றைத் திறந்து எந்த நெம்பை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்தேன். மறுமுனையில் இயந்திரம் அடங்கும் ஓசை கேட்டது. புகை எப்படி என்று விசாரித்தேன். காலையில் சற்று அதிகம்தான், ஆனால் எங்கள் தெருவில் இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

என் தெருவிலும் எட்டு ஆண்டுகள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.